மூன்றாவது கோடு

சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்தாக வேண்டும்,
வராவிட்டால் தாஸ்காவின் உரிமம் போகும் என்று
முதலாளியம்மா குரல்பதிவில் மூன்று முறை.
பத்தாங் பெர்சுந்தை பொதுமண்டபத்தில்
முந்தைய இரவுக் கல்யாணத்தின் ஜிகினா
தரையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
நாற்பது பெண்கள். ஒரே ஓர் ஆண்,
வேன் ஓட்டும் சங்கிலிமுத்து,
கைக்குழந்தை போலத் தலைக்கவசத்தை
மடியில் கிடத்தியபடி கடைசி வரிசையில்.

புவான் ஸலேஹா மலாயில் சொல்லச் சொல்ல
பவுனம்மா காதில் நான் தமிழில் ஊதினேன்.
திராட்சையை நீளவாக்கில் நறுக்கு.
தூங்கும் பிள்ளையைக் குப்புறப் போடாதே.
வேனின் கடைசி இருக்கைவரை நடந்து பார்,
பார்த்தேன் என்று சொல்லாதே, நட.
"இதெல்லாம் படிச்சா பதினாலு வருசமா
பிள்ள பாக்குறேன்?" என்றாள் பவுனம்மா.
பிறகு ரப்பர்ப் பொம்மையின் நெஞ்சில்
இரண்டு விரல் வைத்து அழுத்தினாள்.
சரியாக அழுத்தினால் 'டிக்' என்னுமாம்.
என்னவில்லை.
மறுபடி.
என்னவில்லை.
அதற்குமேல் அவள் எதையும் கேலி பேசவில்லை.
எழுதிக்கொண்டே இருந்தாள்,
தே தாரிக் ஆறி ஏடு கட்டியது.

மதியத்துக்குப் பிறகு ஸலேஹா
திரையை அணைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார்.
அதை மட்டும் என்னால் உடனே சொல்ல முடியவில்லை.
"தெரிஞ்ச மொகம்..." என்று இழுத்தேன்,
"தெரிஞ்ச மொகம் போதாதாம்."
பவுனம்மா என்னையே பார்த்தாள்.
இந்த ஊரில் தெரியாத முகம் எது?
தோட்டத்தை விற்றபோது ஒரே லோரியில்
பாயும் சட்டியுமாக ஏறி
ஒரே தாமானில் இறங்கியவர்கள்.
எந்த வீட்டு நாய் யாரைப் பார்த்துக் குரைக்காது
என்பதுவரை தெரியும்.

செவ்வாய்க்கிழமை,
செம்பனை ஆலைப் புகை
மழைக்கு முன் தாழ இறங்கும் நேரம்.
தனுஷ்ராவின் மாமா மோட்டாரை அணைக்கவில்லை.
என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்.
என் அப்பாவைத் தூக்கிய நான்கு தோள்களில் ஒன்று.
"தங்கச்சிக்கு ஓட்டியாம். பிள்ளையக் குடு."

பட்டியலைப் பார்த்தேன்.
அம்மா பெயர். அத்தை ஒருத்தி.
மூன்றாவது கோடு வெறுமை.
"பேரு இல்லீங்கண்ணே."
"பேரா?
எனக்கா?"
சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.
சான்றிதழ் வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.
கையில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்,
அதுவும் அரைகுறை மொழிபெயர்ப்பில்.
கையுறைத் தொழிற்சாலையின் பூட்டிய அலமாரிக்குள்
அவள் அம்மாவின் தொலைபேசி
ஆறு முறை அடித்து ஓய்ந்தது.
"உங்கப்பன் மட்டும் இருந்திருந்தா..."
முடிக்காமலே கிளம்பிப் போனார்.
மழை வந்தது.

மோட்டார் சத்தம் முனை திரும்பிய பிறகு
செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து
தனுஷ்ரா வந்து பிஸ்கட் கேட்டாள்.
பிள்ளைகள் ஒளிவார்கள். எல்லாப் பிள்ளைகளும்தான்.
பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே
என்றிருந்தார் ஸலேஹா.
தேதி எழுதினேன். நேரம்.
செருப்பு அலமாரி.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள்,
விரலிடுக்கெல்லாம் கையுறை மாவு.
"எங்க அண்ணனத் தெரியாதா ஒனக்கு?
ஊருக்கே சொல்லிட்டுப் போயிருக்கு.
பேனாவக் குடு, இப்பவே எழுதுறேன்."
கொடுத்தேன்.
மூன்றாவது கோட்டில் முனையை வைத்தாள்.
தனுஷ்ரா தரையில் உட்கார்ந்து
இடது செருப்பை வலது காலில்
மாட்டிக்கொண்டிருந்தாள், நிமிராமல்.
அம்மா பிள்ளையையே பார்த்தாள்.
நான் மழையைப் பார்த்தேன்.
"நாளைக்கு எழுதுறேன்" என்றாள்.

இன்று வெள்ளி.
கோட்டின்மேல் ஒரு நீலப் புள்ளி இருக்கிறது,
பெயர் இல்லை.
பிள்ளைகள் இறங்கிய வேனுக்குள்
சங்கிலிமுத்து கடைசி இருக்கைவரை
நடந்து போய்த் திரும்புகிறார்.
மதியத் தூக்க நேரம்,
சுருட்டிய துண்டின்மேல் இரண்டு விரல் வைத்துப்
பவுனம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
"துண்டு எப்படிக்கா டிக்குன்னு சொல்லும்?"
"பேசாம இருடி" என்கிறாள்,
எண்ணிக்கையை விடாமல்,
"பத்தொம்பது, இருவது..."